மூன்று மூச்சு

அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அவரைப் பஸ்காரர் என்றுதான் சொல்வார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வருஷக்கணக்காகிவிட்டது. சர்க்கரை நோய் முதலில் ஒரு கண்ணைத் தின்றது; ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு இந்த ஆள் என்ன செய்யப்போகிறான் என்று இரக்கப்பட்டதுபோல் மற்றதையும் தின்றுவிட்டுப் போனது. வாய் மட்டும் இன்னும் ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. முன்னால் போகிறவன், பின்னால் வருகிறவன், கையைக் காட்டாமல் திரும்புகிறவன், எவனும் அதனிடம் தப்ப முடியாது.

மூன்றாவது மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையல் மூலையும். அங்கே அவரும் மகளும். மகளுக்குத் துறைமுகத்தில் வேலை. கிரேன் ஓட்டுகிறவன் மேலே கூண்டில் உட்கார்ந்திருக்க, கீழே நின்று இறக்கு, நிறுத்து, இடது பக்கம் என்று கையாலும் வாயாலும் வழி சொல்கிற வேலை. அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். எதை எடுத்தாலும் வைத்தாலும் வாயைத் திறந்து சொல்லவேண்டும். நாற்காலி, உங்க வலது பக்கம். சூடா இருக்கு, மேசை மேல. நான் உள்ளே வந்துட்டேன். கதவைச் சாத்திட்டு வெளியே போறேன். கேட்கிறவனுக்கு இது வீடா, சரக்குக் கிடங்கா என்று சந்தேகம் வரும். ஆனால் அந்த நாலு சுவருக்குள் பஸ்காரர் எதிலும் முட்டிக்கொண்டது கிடையாது. தானே டீ போடுவார், தானே சவரம் செய்துகொள்வார், ரேடியோவில் செய்தி வாசிக்கிறவனைத் தானே திட்டுவார்.

மகளுக்கு ஒரே ஓர் ஆசை. மேலே ஏறிக் கூண்டில் உட்காரவேண்டும். அதற்கு வேறு ஊரில் தங்கிப் பயிற்சி எடுத்து, கடைசியில் சோதனையில் தேறி, உரிமம் வாங்கவேண்டும். போன தடவை அப்பாவைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனாள். பஸ்காரர் மாடிப்படியில் உருண்டு இடுப்பை உடைத்துக்கொண்டார். அவள் பாதியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். இந்தத் தடவையும் பாதியில் வந்தால் மறுபடி அனுப்ப மாட்டேன் என்று மேலாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அப்புறம் முடி நரைக்கும்வரை கீழே நின்று கையை ஆட்டவேண்டியதுதான். வேறு வழியில்லாமல் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"வர்றேன், அப்பாவோட முழுசா இருக்கேன்" என்றான் அண்ணன்.

முழுசாக இருப்பதென்றால் என்னவென்று அப்போது இருவருமே யோசிக்கவில்லை. அரைகுறையாக இருந்தாலே போதும் என்கிற நிலைமை.

மகன் பிறந்ததிலிருந்து வாய் மூடாத பிள்ளை. அந்த வாயையே பிழைப்பாக்கி, மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களைப் போனில் விற்றுக்கொண்டிருந்தான். ஒருநாள் அந்த வேலையை விட்டான். பிறகு விழிப்பு வட்டம் என்று ஏதோ ஒன்றில் சேர்ந்தான். தட்டு கழுவும்போது தட்டைக் கழுவுவது, நடக்கும்போது நடப்பது, இதற்கு ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்துக்கு ஒரு தலைவி. அவன் மனைவி இரண்டு இடங்களில் வேலை பார்த்ததால் அவனுக்கு இந்தக் கணத்தில் மட்டும் வாழ வசதி இருந்தது.

வந்து இறங்கிய அன்றே வீட்டில் பாதி சாமான்களுக்கு வேலை போனது. வெறுமை வேண்டுமாம். முக்காலி கட்டிலுக்கு அடியில் போனது, செருப்பு அலமாரி வாசலுக்கு வெளியே போனது, ரேடியோ பரணுக்குப் போனது. பஸ்காரர் தன் வீட்டிலேயே வழி தெரியாத பயணியாகி, முழங்காலை இடித்துக்கொண்டு, சத்தம் போட்டுச் சண்டை பிடித்து, ரேடியோவை மட்டும் தன் நாற்காலிக்குப் பக்கத்து மேசைக்கு மீட்டார். மற்றதை விட்டுக்கொடுத்தார். சண்டை முற்றினால் மகன் போய்விடுவான். மகன் போனால் மகள் வந்துவிடுவாள். அந்தக் கணக்கு அவருக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த விஷயத்தை மகன் இரவுச் சாப்பாட்டின்போது, ரொட்டியை மெதுவாக, மிக மெதுவாக மென்று முடித்தபின் சொன்னான். காலையில் எழுந்ததிலிருந்து மதியம்வரை அவன் பேச மாட்டானாம். பயிற்சியாம்.

"பேசமாட்டேன்பா. ஆனா இருப்பேன்."

"நீ இருக்கேங்கறது நீ பேசினாத்தானேடா எனக்குத் தெரியும்?"

"அது உங்களுக்கும் ஒரு பயிற்சிதான்."

பஸ்காரர் ஒருகாலத்தில் பிரேக் பிடிக்காத பஸ்ஸை மலை இறக்கியிருக்கிறார். அப்போதுகூட இவ்வளவு பல்லைக் கடிக்கவில்லை.

போதாததற்கு ஒரு மணி. அவன் போனுக்குள்ளிருந்து அவ்வப்போது டங்கென்று ஒலிக்கும். ஒலித்தால் செய்கிற வேலையை நிறுத்தி மூன்று மூச்சு இழுத்து விடவேண்டும். முட்டை பொரிந்துகொண்டிருக்கும், மணி அடிக்கும், அவன் நிற்பான், முட்டை கருகும். கருகிய முட்டையையும் அவன் விழிப்போடு தின்றான். அப்பாவுக்கும் அதே விழிப்பு தட்டில் வந்து விழுந்தது. காலை முழுக்க அந்த வீட்டில் யாரோ நடந்துகொண்டேயிருந்தார்கள், யாருமே இல்லாததுபோல. "டேய், எங்கேடா இருக்கே?" என்று கேட்டால் பதில் வராது, சில சமயம் தோளை ஒரு கை மெதுவாகத் தொடும். முதல் தடவை அவர் அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதது.

அந்தக் கூட்டம் வந்தது ஞாயிற்றுக்கிழமை காலையில்.

பஸ்காரர் குளித்துக்கொண்டிருந்தார். மகன் சத்தமில்லாமல் கதவைத் திறக்க, விழிப்பு வட்டம் சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தது. வெறுமைக்கென்று ஒதுக்கிய இடமெல்லாம் ஆட்களால் நிறைந்தது. எல்லோரும் மௌனம். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று மகனுக்குத் தோன்றியதா, தோன்றியும் பயிற்சி தடுத்ததா என்பது அவனுக்கே வெளிச்சம்.

குளியலறைக் கதவு திறந்தது. மகள் வேலைக்குப் போயிருக்கும் நாட்களில் வருவதுபோலவே பஸ்காரர் வந்தார். துண்டு தோளில் இருந்தது. வேறெங்கும் எதுவும் இல்லை. கூடத்தின் நடுவில் ஜன்னல் காற்றுக்கு முகம் காட்டி நின்று, ஈரம் காயட்டும் என்று காலை அகட்டிக்கொண்டு, மகனின் குரலில் பேச ஆரம்பித்தார். "இந்தக் கணத்துல இருங்கப்பா. தண்ணி குடிக்கிறப்ப தண்ணியைக் குடிங்கப்பா. பின்னே என்ன, மண்ணெண்ணெயையா குடிப்பேன், தடிமாடு? வேலைக்குப் போகத் துப்பில்ல, பொண்டாட்டி சம்பாத்தியத்துல கண்ணை மூடி உக்காந்துக்கிட்டு..." இப்படியே மகன், மருமகள் அவனைக் கட்டிக்கொண்ட தவறு, மகனைப் பெற்ற நாள், அன்றைக்கு அடித்த மழை என்று எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றி வந்தார். இடையில் சொறிய வேண்டிய இடத்தில் சொறிந்துகொண்டார்.

டங்.

அறை முழுக்க மூச்சு இழுத்தது. சுவரே மூச்சு விடுவதுபோல இருந்தது அவருக்கு. ஒருமுறை, இன்னொருமுறை, மூன்றாவது முறை. யாரோ ஒருவருக்கு மூக்கடைப்பு.

பஸ்காரர் அவசரப்படவில்லை. அவசரப்பட்டு இனி மறைக்க எதுவும் மீதமில்லை. துண்டை எடுத்து உதறி இடுப்பில் கட்டினார். பிறகு, கூட்டமான பஸ்ஸைத் திரும்பிப் பார்த்துக் கேட்பதுபோலக் கேட்டார்: "டிக்கெட் வாங்காதவங்க யாராவது இருக்கீங்களா?"

எங்கோ மூலையில் ஒரு சிரிப்பு வெடித்து உடனே இருமலாக மாறியது. வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை. மதியம் ஆகவில்லையே.

மதியம் ஆனதும் வாய்கள் திறந்தன. தலைவி ஓய்வுபெற்ற பல் டாக்டர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறந்து வைத்துத் தான் மட்டும் பேசிப் பழகிய குரல். அதை இப்போது தேனில் ஊற வைத்திருந்தாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஐயா, ஒரு மனுஷர் இவ்வளவு உண்மையாத் தன்னைத் திறந்து காட்டி நான் பார்த்ததே இல்லை" என்றாள்.

"அதெல்லாம் சின்ன வயசுல இன்னும் நல்லா இருந்துச்சும்மா."

அவள் அதையும் தத்துவமாக எடுத்துக்கொண்டு தலையசைத்திருப்பாள். தொடர்ந்து தங்கள் சமூகப் பணியைப் பற்றிச் சொன்னாள். முதியோரின் தனிமைதான் இந்தக் காலத்தின் பெரிய துயரம், அதனால் வாராவாரம் முதியோர் இல்லத்துக்குப் போகிறார்கள். அங்கே போய் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். உட்காருவோம் என்றாள். அப்புறம்? கூடவே இருப்போம். அவங்க? அவங்களும் இருப்பாங்க.

"எங்கேம்மா போவாங்க? அவங்களாலதான் நடக்க முடியாதே."

தனிமையில் இருக்கும் முதியவர் என்று மகன் தன் அப்பாவின் பெயரையும் கொடுத்திருக்கிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதனால்தான் இந்த வருகை. பார்வை போனவர் ஏற்கெனவே உள்ளே பார்க்க ஆரம்பித்துவிட்டவர், அவரோடு உட்கார்வது ஒரு பேறு என்றும் சொல்லி வைத்திருந்தானாம். பஸ்காரர் உள்ளே பார்த்தார். அங்கே மகனை ஓங்கி அறைகிற ஒரு கை மட்டும்தான் தெரிந்தது. அடுத்த ஞாயிறும் வருகிறோம் என்று கும்பல் எழுந்தபோது, மகளின் சோதனைக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். தினமும் கூப்பிடுவாள். தினமும் அவர் ஒரே பாட்டைப் பாடினார். ராஜா மாதிரி இருக்கேம்மா. அண்ணன் தங்கமா பாத்துக்கிறான். வேளாவேளைக்குச் சாப்பாடு. ஒரு குறையும் இல்ல. "அப்படியாப்பா?" என்பாள். "ஆமாம்மா, நீ படி" என்பார். போனை வைத்தபின் வாய் கசக்கும். ஆனால் காரியம் நடக்கிறதே என்று ஒரு திருப்தி. காலமெல்லாம் உண்மையை மூஞ்சியில் எறிந்தே வாழ்ந்தவருக்குப் பொய் இவ்வளவு வழவழப்பாக வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

சோதனைக்கு முந்தின நாள் காலை, மகன் இலைத் தேநீர் போட்டான். கொதிக்கிற தண்ணீரில் இலை சுருள் விரிவதைப் பார்ப்பதும் ஒரு பயிற்சியாம். அதற்காக வாய் அகன்ற பெரிய பீங்கான் கிண்ணம் ஒன்றைத் தன்னோடு கொண்டுவந்திருந்தான். வைக்க இடம் வேண்டும். முக்காலிதான் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறதே. அப்பாவின் பக்கத்து மேசையிலிருந்த ரேடியோவை, பாடிக்கொண்டிருந்தபடியே, அலுங்காமல் தூக்கித் தரையில் வைத்தான். அது இருந்த இடத்தில் கிண்ணத்தை வைத்துக் கொதிநீரை ஊற்றினான். ஒரு நிமிஷ வேலைதானே. சொல்லவில்லை. காலை நேரம்.

டங் என்றது மணி.

பஸ்காரருக்கு அந்த மணியைக் கேட்டாலே உடம்பு எரியும். அது ஒலித்தால் ரேடியோவின் குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டுவது அவர் பதில். கை தானாக நீண்டது. எந்த யோசனையும் இல்லாமல், இருக்கவேண்டியது இருக்கிற இடத்துக்கு, நேராக, நம்பிக்கையோடு.

மணிக்கட்டு வரை இறங்கியது.

அவர் போட்ட கூச்சலைப் பற்றிச் சொல்வதற்கில்லை. கிண்ணம் உடைந்தது. மகன் ஓடி வந்து குழாயடிக்கு இழுத்துப் போனான். தண்ணீர் கையில் விழுந்துகொண்டிருந்தது. பஸ்காரரின் வாயிலிருந்து வந்தவற்றை நாலு பஸ் நிலையங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கலாம்.

தெருமுனை மருத்துவமனையில் கட்டுப் போட்ட நர்ஸ் பேச்சில் மிச்சம் வைக்காத பெண். கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டே, கண் தெரியாத மனுஷன் பக்கத்தில் சுடுதண்ணியைச் சொல்லாமல் வைத்த புண்ணியவான் யார் என்று கேட்டாள்.

"நான்தான்" என்றான் மகன்.

"இன்னும் மதியம் ஆகலையேடா" என்றார் பஸ்காரர். "தவம் கலைஞ்சிடுச்சா?"

திரும்பி வரும் வழியில் மகன் அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். மேடு, பள்ளம், குழி எதையும் சொல்லவில்லை; வேறொன்றைச் சொன்னான். அவர் கை கிண்ணத்தை நோக்கிப் போவதை அவன் பார்த்தானாம். மூச்சுக்குக் கண்ணை மூடவே இல்லையாம். முழு விழிப்போடு பார்த்துக்கொண்டே நின்றானாம்.

"பார்த்தேன்பா. வாய் வரலை."

பஸ்காரர் நின்றார். பின்னால் வந்த யாரோ இடித்துக்கொண்டு முணுமுணுத்துவிட்டுப் போனார்கள்.

அப்புறம் அவன் அந்த வேலையை விட்ட கதையைச் சொன்னான். போனில் விற்கிறவர்களுக்கு முன்னால் ஓர் அட்டை இருக்கும். அவர்கள் இப்படிச் சொன்னால் நீ அப்படிச் சொல். இதை மறுத்தால் அதைச் சொல். நாள் முழுக்க அதைப் படித்துப் படித்து, கேட்கிற காது தனியாகவும் படிக்கிற வாய் தனியாகவும் ஓடும். ஒருநாள் ஒரு பெண் போனை எடுத்தாள். கணவருக்கான திட்டம் என்று இவன் ஆரம்பித்தான். அவர் காலையில்தான் செத்துப்போனார் என்றாள் அவள். இவன் வாய் அட்டையின் அடுத்த வரியைப் படித்தது: ரொம்பச் சந்தோஷம் மேடம், அப்படின்னா உங்களுக்கு ஏத்த திட்டம் ஒண்ணு இருக்கு. அவள் அழவில்லை, திட்டவில்லை. அமைதியாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். இவன் அட்டையை முடித்தான். முடித்த பிறகுதான் அவள் சொன்னது காதில் விழுந்தது.

"அதுக்கப்புறம் வாயைத் திறந்தாலே பயமா இருந்துச்சுப்பா. வட்டத்துக்காரங்கதான் அதை மூடக் கத்துக்கொடுத்தாங்க."

மனம் இளகுகிற ஆள் என்றால் இந்த இடத்தில் மகன் தலையைத் தடவியிருப்பார். பஸ்காரருக்கு வலது கை எரிந்துகொண்டிருந்தது, இடது கை மகனிடம் மாட்டியிருந்தது.

"மூட வேண்டிய இடத்துல திறந்தே, திறக்க வேண்டிய இடத்துல மூடினே" என்றார். "அளவு தெரியாத கழுதை. நட. படி வருதா பாரு."

"வருது. ரெண்டு படி."

சாயங்காலம் வந்தது. அன்றைக்கு மகள் முகம் பார்த்துப் பேசுவேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தாள். பஸ்காரருக்கு இப்போது ஒரே கவலை, கட்டு. போனில் எது தெரியும் எது தெரியாது என்று அவரால் பார்க்க முடியாது. மகனைக் கூப்பிட்டு, போனை முகத்துக்கு நேராக, கழுத்துக்கு மேலே மட்டும் தெரிகிறமாதிரி பிடிக்கச் சொன்னார். கையைப் போர்வைக்குள் நுழைத்துக்கொண்டார்.

பொய் சொல்வதில்லை என்பது தங்கள் வட்டத்தின் முதல் விதி என்று இழுத்தான் மகன்.

"உன்னைப் பொய் சொல்லச் சொல்லலைடா. வாயை மூடிக்கிட்டு இருன்னு சொல்றேன். அதுதான் உனக்கு நல்லா வருமே? நாளைக்கு ஒருநாள் போயிட்டா அவ மேலே ஏறிடுவா. அப்புறம் நீ உன் உண்மையை வெச்சுக் கூழ் காய்ச்சிக் குடி."

போன் அடித்தது. மகள் வந்தாள். அவர் ஆரம்பித்தார். ராஜா மாதிரி இருக்கேம்மா. இன்னிக்கு அண்ணன் தேநீர் போட்டுக் கொடுத்தான், பிரமாதம். அவன் மாதிரி பிள்ளை கிடைக்க...

"அண்ணா, அப்பா நல்லா இருக்காரா?" என்றாள் மகள், அவரைத் தாண்டி.

மகன் பேசவில்லை. போன் பிடித்திருந்த அவன் கை நடுங்கியது. சட்டையில் கைக்கடிகாரம் உரசுகிற சத்தம் அவருக்குக் கேட்டது. இந்தச் சனியன் பேசாமலே காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைத்தார். தன் காலால் துழாவி அவன் காலை மிதித்தார்.

"இல்ல" என்றான் மகன். "கை வெந்துபோச்சு. வலது கை. சுடுதண்ணி. ரேடியோவை எடுத்துட்டு அந்த இடத்துல நான்தான் வெச்சேன். சொல்லாம வெச்சேன். கை போறதைப் பார்த்தும் சொல்லலை."

முடிந்தது கதை என்று பஸ்காரர் கண்ணை மூடினார். மூடினாலும் ஒன்றுதான், ஆனாலும் மூடினார். மேலாளரின் முகம், கீழே நின்று கையை ஆட்டிக்கொண்டிருக்கும் நரைமுடி மகள், எல்லாம் வரிசையாக வந்தன.

பிறகு அவள் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கொப்புளம் உடைந்ததா. விரல் மடங்குகிறதா. கட்டு போட்டது யார், மறுபடி எப்போது வரச் சொன்னார்கள், சர்க்கரை எவ்வளவு என்று பார்த்தார்களா. மகன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். கட்டைக் காட்டச் சொன்னாள். போர்வை விலகியது. நன்றாக உற்றுப் பார்த்திருப்பாள்.

"சரி" என்றாள். "அப்ப நான் பெட்டியைப் பிரிச்சிடுறேன்."

"எந்தப் பெட்டியை?" என்றார் பஸ்காரர்.

"ஊருக்குக் கிளம்புறதுக்குக் கட்டி வெச்ச பெட்டியை. இன்னும் கொஞ்ச நேரத்துல பஸ்."

"ஏம்மா, நான்தான் தினமும் நல்லா இருக்கேன்னு சொன்னேனே."

"அதனாலதான். நான் இங்கே வந்ததிலேருந்து நீங்க ஒருத்தரைக்கூடத் திட்டலை. ரேடியோக்காரனைத் திட்டலை, அண்ணனைத் திட்டலை. ராஜா மாதிரி இருக்கேன், தங்கமா பாத்துக்கிறான். இடுப்பு உடைஞ்சு கிடந்தப்பவும் இதே தேன் குரல்லதான் பேசினீங்க. நீங்க ஒண்ணு செத்துக்கிட்டு இருக்கீங்க, இல்லேன்னா அண்ணன் உங்களைக் கட்டிப் போட்டிருக்கான்னு நினைச்சேன். கைதானே, பரவாயில்ல. சோதனையை முடிச்சிட்டு அண்ணனை வந்து கவனிச்சுக்கிறேன்." பிறகு அண்ணனிடம், "அந்த மணியை அணை. முக்காலியை வெளியே எடு" என்றாள். அவளுக்கு முக்காலி எப்படித் தெரிந்தது என்று கேட்கிற தைரியம் இருவருக்கும் இல்லை.

பஸ்காரருக்கு அவமானமாக இருந்தது. இத்தனை நாள் பல்லைக் கடித்துச் சொன்ன பொய்யெல்லாம் அவளைச் சோதனையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. சோதனையைக் காப்பாற்றியது, போயும் போயும், இந்த மூச்சுவிடுகிறவன். நன்றி சொல்லவேண்டிய இடம்தான். "போனைப் பிடிக்கக்கூடத் துப்பில்ல, கை நடுங்குது" என்றார்.

மறுநாள் இருவரும் வேலையே ஓடாமல் காத்திருந்தார்கள். மகன் பேசினான். எழுந்ததிலிருந்து பேசினான். அது விடுதலையா, இன்னொரு பயிற்சியா என்று தெரியவில்லை. துறைமுகத்தில் காற்று அடிக்குமா, காற்றடித்தால் சுமை ஆடுமா, ஆடினால் மதிப்பெண் குறைப்பார்களா என்று நச்சரித்தான். பஸ்காரர், வாயை மூடு என்று சொல்ல வந்து, அதைச் சொல்லுகிற உரிமை தனக்குப் போய்விட்டதை உணர்ந்து, இன்னும் எரிச்சலானார். பல் டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்று கேட்டிருக்கிறாளாம். வரட்டும், ஆனால் உள்ளே நுழையும்போதே ஒவ்வொருத்தரும் உரக்கச் சொல்லிவிட்டு நுழையவேண்டும், பாத்திரம் கழுவுகிறவர்கள் மட்டும் உட்காரலாம் என்றார். அப்படியென்றால் யாரும் வரமாட்டார்கள் என்றான் மகன். அதற்குத்தான் சொல்கிறேன் என்றார்.

போன் அடித்தபோது இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். மகன்தான் எடுத்தான்.

"தேறிட்டேன்" என்றாள் மகள். இரைச்சலில் கத்தினாள், பின்னால் இரும்பு இரும்போடு மோதிக்கொண்டிருந்தது. "சுமையை வைக்கிறப்ப கொஞ்சம் ஆடிச்சு, திட்டினாங்க, ஆனா தேறிட்டேன்."

பஸ்காரர், கூண்டு எவ்வளவு உயரம், ஏணியா படியா, பிடிமானம் இருக்கிறதா என்று கேட்டார்.

அவள் சொல்லிவிட்டு, குரலைக் கொஞ்சம் இறக்கினாள். துறைமுகத்திலிருந்து பேசினார்களாம். இங்கே, பயிற்சி எடுத்த ஊரிலேயே, அவர்களுடைய இன்னொரு துறைமுகத்தில் கூண்டுக்கு ஆள் இல்லையாம். ஒரு மாசம் இங்கே ஓட்டிக் கை பழகிவிட்டு வந்தால் நிரந்தரமாக மேலே ஏற்றிவிடுவார்கள். முடியாது என்றால் திரும்பி வந்து காத்திருக்கவேண்டும்; எத்தனை நாள் என்று சொல்லமாட்டேன் என்கிறார்கள். "என்னப்பா சொல்றீங்க? இருக்கட்டுமா, வரட்டுமா?"

இரும்மா, எனக்கு ஒரு குறையும் இல்ல என்று தேன் வழிய நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பஸ்காரர் அதை விழுங்கினார்.

"உங்கண்ணனோட ஒரு மாசமா?" என்றார். "நரகம்மா அது. முட்டையை ஒழுங்காப் பொரிக்கத் தெரியாது. மௌனமா இருந்தா பேய், பேச ஆரம்பிச்சா பிசாசு. ஒரு கை வெந்துடுச்சு, இன்னொண்ணு மிச்சமிருக்கு. தினம் தினம் வயிறெரிஞ்சு சாவேன். நீ வராதே. மேலேயே இரு."

எதிர்முனையில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சரிப்பா, இருக்கேன் என்றாள்.

"அப்பா" என்றான் மகன். "நான் இங்கேயேதான் உக்காந்திருக்கேன்."

"தெரியும்டா. உன் காதுல விழணும்னுதான் சொன்னேன்."